உளநல மருத்துவம் பயிலும் மகளை நோயாளி தாக்கினால்: ஒரு தந்தைக்குப் பதில்

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் தந்தையொருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் மருத்துவர். உளநல மருத்துவத்தில் பட்டப்பின் பயிற்சி பெறுகிறார். ஓர் இரவுக் கடமையில், உடனே வீட்டுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்ற இளைஞரிடம், "காலையில் பெரிய டொக்டர் பார்த்த பிறகுதான் போகலாம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த நோயாளி கன்னத்தில் அறைந்துவிட்டார். மூக்குக்கண்ணாடி உடைந்து, கண்ணுக்குக் கீழே தோல் கிழிந்திருக்கிறது. மறுநாள் மூத்தவர் ஒருவர், "இந்தத் துறைக்கு வந்தால் இதெல்லாம் பழகிப்போகும்" என்று சொல்லி முடித்துவிட்டாராம். தந்தை கேட்பவை மூன்று: அது உண்மையா? பொலிஸில் முறையிடலாமா? மகளை வேறு துறைக்கு மாறச் சொல்லலாமா? வைத்தியசாலையின் பெயரை அவர் எழுதவில்லை. எனக்கும் அது தேவையில்லை.

ஐயா,

முதற் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறேன்: அந்த மூத்தவர் சொன்னது சரியன்று. உளநலப் பிரிவில் தாக்கப்படும் அபாயம் மற்றப் பல நோயாளர் விடுதிகளைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அபாயம் அதிகம் என்பதிலிருந்து, அடி விழுந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு எப்படிப் போக முடியும்? மின்கம்பத்தில் ஏறுபவருக்கு ஆபத்து அதிகம் என்பதால்தான் அவருக்குக் கையுறையும் இடுப்புப் பட்டியும் கொடுக்கிறார்கள்; விழுந்து பழகு என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்ததாக நோயாளிகளுக்கும் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உளநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம், அதுவும் பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலும். வன்முறை தலைகாட்டுவது சில குறுகிய நிலைமைகளில்: தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற ஐயம் முற்றிய நிலை, உறக்கமே இல்லாத பித்துநிலை, மதுவை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் வரும் குழப்பம், போதைப்பொருள் ஏறிய வேளை. இந்த நிலைமைகள் பெரும்பாலும் முன்கூட்டியே முகம் காட்டுகின்றன. எனவே உங்கள் மகளை அறைந்த கை அந்த இளைஞருடையது என்றாலும், அந்த அறை விழுவதற்கான இடத்தையும் நேரத்தையும் ஆள்குறைவையும் ஒழுங்குசெய்து வைத்தது அவரல்லர். நான் சொல்ல வருவதன் மையம் இதுதான்.

ஏன் பயிற்சி மருத்துவர்கள்மீது அடி விழுகிறது? விசேட நிபுணருக்கு அனுபவம் இருக்கிறது, பயிலுபவருக்கு இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் பாதி உண்மைதான் உண்டு. மறுபாதியை விடுதியில் ஓர் இரவு நின்று பார்த்தால் விளங்கும். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டால் இல்லை என்பவர் பயிற்சி மருத்துவர். சிகரெட் கேட்டால், கைத்தொலைபேசி கேட்டால், ஊசி வேண்டாம் என்று மறுத்தால், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு தாயார் உள்ளே வரக் கேட்டால், இல்லை என்பவரும் அவரே. கட்டில் இல்லை, இந்த மருந்து இன்று இல்லை, நிபுணர் நாளைதான் வருவார் என்பதைச் சொல்லவேண்டியவரும் அவரே. இந்த மறுப்புகளில் ஒன்றையேனும் அவர் தாமாகத் தீர்மானிப்பதில்லை. தீர்மானித்தவர்கள் வேறெங்கோ இருக்க, அந்தத் தீர்மானங்களைத் தம் வாயால், இரவில், தனியாக நின்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் நிறுத்தப்பட்டிருக்கிறார். கோபம் அருகில் இருப்பவர்மீதுதான் விழும். போதாததற்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை அவர் பிரிவு மாறுகிறார். நோயாளியின் பழைய கதை அவருக்குத் தெரியாது. பத்து வருடம் அந்த விடுதியிலேயே நின்ற சிற்றூழியருக்கு, இந்தத் தம்பி எப்போது கை ஓங்குவார் என்பது அவர் நடக்கும் நடையிலேயே தெரிந்துவிடும்.

திருகோணமலை மாவட்டத்தின் அமைப்பும் இதில் சேர்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு மூதூர்ப் பயணம் முன்னைப்போல் படகுத்துறையில் காத்துக்கிடக்கும் பயணமாக இல்லை. இருந்தும் வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ, வடக்கே புல்மோட்டையிலிருந்தோ, ஓரிடத்தில் நில்லாத ஒரு நோயாளியை வாடகை வானில் ஏற்றிக்கொண்டு நகருக்கு வருவது, கடன் வாங்கி, நாலு பேரைத் துணைக்குச் சேர்த்துச் செய்யும் காரியம். அதற்கு முன்பே அந்தக் குடும்பம் பல வாசல்களை ஏறி இறங்கியிருக்கும். செய்வினை என்று கழிப்புக் கழித்திருப்பார்கள். முஸ்லிம் குடும்பமானால் ஓதிப் பார்த்திருப்பார்கள். அதை நான் குறைசொல்லவில்லை. ஆறுதல் கிடைக்கும் இடத்துக்கு மனிதர் போகவே செய்வர். ஆனால் அந்த வாரங்களில் நோய் முற்றுகிறது, காசு தீர்கிறது, நோயாளியும் உறங்குவதில்லை, வீட்டாரும் உறங்குவதில்லை. கடைசியாக அவர்கள் வைத்தியசாலை வாசலுக்கு வரும் நேரம் பெரும்பாலும் மாலை மங்கிய பிறகுதான். அப்போது வாசலில் நிற்கும் மருத்துவர் இருபத்தெட்டு, முப்பது வயதுப் பயிலுநர்.

அந்த வருகையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். வானின் பின்கதவு திறக்கிறது. நைலோன் கயிற்றாலோ சாரத்தை முறுக்கியோ இரு கைகளும் பின்னால் கட்டப்பட்ட ஒருவர் நடுவில் இருக்கிறார். மணிக்கட்டில் கயிறு பதிந்த தழும்பு, உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று கேட்டால் மூவர் மூன்று விடை சொல்கிறார்கள். மிகவும் ஆபத்தான நேரம் கட்டியிருக்கும் நேரமல்ல, கட்டை அவிழ்க்கும் நேரம். உறவினர், "டொக்டர் வந்திட்டா, இனி அவிழ்ப்பம்" என்று தாங்களே முடிச்சில் கைவைப்பார்கள். மருத்துவர் எதிரே ஒரு முழத் தூரத்தில் குனிந்து நாடி பார்த்துக்கொண்டிருப்பார். அங்கேதான் அடி விழுகிறது, கடி விழுகிறது. செய்யவேண்டிய முறை வேறு. முதலில் ஆட்கள் சேரும்வரை யாரும் கயிற்றைத் தொடக்கூடாது. அந்த இடைவேளையில், ஒரேயொருவர் மட்டும் நோயாளியோடு அவர் பெயர் சொல்லிப் பேசவேண்டும்: நான் டொக்டர், உங்களை இந்தக் கட்டிலிருந்து விடத்தான் வந்திருக்கிறோம், முதலில் தண்ணீர் குடியுங்கள். அவிழ்ப்பதற்கு முன்பே அவிழ்க்கப்போவதைச் சொல்லவேண்டும். பெரும்பாலானோர் அந்தத் தண்ணீருக்குப் பிறகு அமைதியாகவே அவிழ்க்க விடுகிறார்கள். அதற்காகக் கட்டியபடியே மணிக்கணக்கில் வாங்கில் இருத்திவைப்பதும் கூடாது; அது நோயாளியின் உரிமைக்கும் உடலுக்கும் கேடு, பிறகு வரும் ஆத்திரத்துக்கும் விறகு.

உள்ளே கொண்டுவந்ததும் முதற் கேள்வி, இது உளநோய்தானா என்பது. இரத்தச் சர்க்கரை இறங்கிய நீரிழிவு நோயாளி, தலையில் அடிபட்டவர், வலிப்பு வந்து தெளியாதவர், காய்ச்சலில் பிதற்றுபவர், கசிப்பு எனப்படும் கள்ளச்சாராயத்தை நிறுத்தி இரண்டு நாளானவர் ஆகிய அனைவரும் பார்வைக்கு ஒரே மாதிரி முரண்டுவார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் ஆறு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பது நோயாளிக்கும் ஆபத்து, பிடிப்பவருக்கும் ஆபத்து. அண்மைக் காலமாக எங்கள் பக்கத்தில் ஐஸ் எனப்படும் போதைப்பொருளும் இதில் சேர்ந்திருக்கிறது. பல நாள் உறங்காமல், எல்லோரும் தன்னைத் தொடர்கிறார்கள் என்ற பயத்தோடு வரும் அந்த இளைஞர்களிடம், அதட்டல் சிறிதும் எடுபடாது.

முன்கூட்டியே முகம் காட்டும் என்றேன். நோர்வேயில் உருவான புரோசெட் சரிபார்ப்புப் பட்டியல் என்று ஒன்று உண்டு. குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாயால் மிரட்டல், உடலால் மிரட்டல், பொருட்களைத் தாக்குதல் ஆகிய ஆறும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கடமை மாற்றத்திலும் தாதி பார்த்து, உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்குப் பூச்சியம் என்று போடுகிறார். கூட்டுத்தொகை இரண்டைத் தாண்டினால் அடுத்த 24 மணிநேரத்துக்கு ஆபத்து அதிகம் என்று கொண்டு உடனே திட்டமிட வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம், பணமும் வேண்டாம்; ஒரு தாளும், அதை நம்பி நடவடிக்கை எடுக்கும் ஒரு விடுதியும் போதும். உங்கள் மகளை அடித்த இளைஞர் அன்று மாலையிலிருந்தே கதவைத் தட்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்திருந்தால், இரவில் அவரிடம் "இல்லை" சொல்ல ஒருவரைத் தனியே அனுப்பியிருக்கக் கூடாது.

இனி ஆட்கணக்கு. ஒருவரைக் காயமின்றிப் பிடித்து அமைதிப்படுத்த ஐவர் வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள்: கைகால்களுக்கு நால்வர், தலையையும் மூச்சையும் காக்க ஒருவர். குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்தக் கூடாது, மூச்சு முட்டி உயிர் போகும். இரவுக் கடமையில் ஒரு மருத்துவர், இரு தாதியர், ஒரு சிற்றூழியர் என்று வைத்துக்கொண்டால், அதில் ஒருவர் ஊசி மருந்தை எடுக்கப்போனால், எஞ்சுவது மூவர். அந்த மூவரும் மற்ற நோயாளிகளையும் பார்க்கவேண்டும். இந்த ஐந்து பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதை இரவில் யோசிக்க முடியாது. எந்த விடுதியிலிருந்து யார் ஓடிவருவது, எந்தத் தொலைபேசி இலக்கம், அழைத்தால் எத்தனை நிமிடம் என்பதைப் பகலில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கவேண்டும், மாதம் ஒருமுறையாவது ஒத்திகை பார்த்திருக்கவேண்டும். வாசலில் நிற்கும் தனியார் நிறுவனப் பாதுகாப்பு ஊழியரை இதற்கு நம்புவது வீண். அவர்களில் பலர் வயதானவர்கள். பார்வையாளர் அட்டையைச் சரிபார்க்கத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை, அவர்களை அங்கே நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்று அறிக்கை எழுதுபவர்கள்மீதுதான்.

ஊசி மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலூரில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, ஹலோபெரிடோலையும் புரோமெத்தசினையும் சேர்த்துத் தசையில் கொடுத்தால் லோரசெபாம் என்ற அமைதியூட்டும் மருந்தைவிட விரைவில் அமைதியும் உறக்கமும் வருகின்றன என்று காட்டியது. இவை விலை குறைந்த பழைய மருந்துகள். கொடுத்த பிறகு நாடி, இரத்த அழுத்தம், சுவாசம் ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்க ஆள் இருக்கவேண்டும் என்பதுதான் பலர் மறப்பது. ஊசி தண்டனையாகிவிடக் கூடாது. அடித்ததற்காகப் போட்டார்கள் என்று நோயாளி நினைத்துவிட்டால் அடுத்த முறை அவர் முதலிலேயே அடிப்பார்.

அறையின் அமைப்பைப் பற்றி யாரும் பயிலுநருக்குச் சொல்லித்தருவதில்லை, அவர்களே ஒருநாள் மாட்டிக்கொண்டு கற்கிறார்கள். நோயாளியைப் பார்க்கும் அறையில் மேசைக்குப் பின்னால், சுவரோடு சேர்ந்து மருத்துவரின் நாற்காலி. வாசலுக்கு அருகில் நோயாளியின் நாற்காலி. ஏதும் நடந்தால் மருத்துவர் வெளியேற வழியில்லை. அந்த இரண்டு நாற்காலிகளையும், ஒருவரின் பாதையில் மற்றவர் இல்லாதபடி, இருவருக்கும் வாசல் எட்டும்படி திருப்பிப்போட ஐந்து நிமிடம் ஆகும். கதவை உள்ளே பூட்டாமல் விடலாம். மேசையில் கத்தரிக்கோல், கண்ணாடித் தம்ளர், கனமான கோப்புத் துளையிடும் கருவி எதுவும் வேண்டாம். சேலைன் ஏற்றும் இரும்புத் தாங்கி அறையிலேயே வேண்டாம். கழுத்தில் மாட்டிய ஸ்டெதஸ்கோப்பும் அடையாள அட்டைப் பட்டியும் பிடித்து இழுக்க வசதியான கயிறுகள். இரண்டு கை நீளத் தூரத்தில், நேருக்கு நேர் அல்லாமல் சற்றுச் சாய்வாக நிற்பது, கைகளைத் தெரியும்படி வைப்பது, "இல்லை" என்பதோடு நிறுத்தாமல் இரண்டு வழிகளைக் காட்டுவது ஆகியவை பயிற்சியால் வருபவை. "போக முடியாது" என்பதற்குப் பதிலாக, "இந்த இரவில் பஸ் இல்லை, காலை டொக்டர் வந்ததும் முதலாவதாக உங்களைத்தான் காட்டுவேன், இப்போது அம்மாவோடு போனில் பேசப்போகிறீர்களா, தேநீர் குடிக்கப்போகிறீர்களா" என்று சொல்லலாம். பொய் வாக்குறுதி மட்டும் கூடாது. காலையில் முதலாவதாகக் காட்டாவிட்டால் அதற்கான விலையை அடுத்த பயிலுநர் கொடுப்பார்.

மொழியும் இங்கே பாதுகாப்பின் ஒரு பகுதி. கந்தளாய், சேருவில, கோமரங்கடவல பக்கத்துச் சிங்களக் குடும்பங்களும், மூதூர், கிண்ணியா முஸ்லிம்களும், நகரத்துத் தமிழரும் ஒரே விடுதியில் இருப்பார்கள். தெற்கிலிருந்து நியமனம் பெற்று வரும் சிங்களப் பயிலுநருக்கு மிரட்டலின் தொடக்கம் கேட்காது. கடைசி உரத்த வசனம்தான் கேட்கும். எங்கள் பிள்ளைகள் சிங்கள நோயாளியிடம் போகும்போதும் நிலைமை அதுவே. தம்பி, அண்ணன் என்றோ, முஸ்லிம் பெரியவரைக் காக்கா, வாப்பா என்றோ மரியாதையாக அழைத்துத் தொடங்கும் தாதி ஒருவர் பக்கத்தில் நின்றால் பாதிக் கொதிப்பு அடங்கும். ஆனால் நோயாளியின் சொந்தக்காரரை மொழிபெயர்ப்பாளராக வைப்பதை நான் விரும்புவதில்லை. சண்டையே அந்தச் சொந்தக்காரரோடுதான் என்பது பல வேளைகளில் பிறகுதான் தெரியவரும்.

நோயாளி அடிப்பதோடு இந்த விடயம் முடிவதில்லை. மது வாசனையோடு வரும் உறவினர், "பெயர் என்ன, எந்த ஊர், பார்த்துக்கொள்கிறேன்" என்று மிரட்டுவது. கைத்தொலைபேசியில் படம் பிடித்து முகநூலில் போடுவது. பயிலுநரின் இலக்கத்தை எங்கிருந்தோ எடுத்து நள்ளிரவில் அழைப்பது. பெண் மருத்துவர்களிடம் அருவருப்பாகப் பேசுவது, தொடுவது எல்லாமே பணியிட வன்முறைதான். மூத்தவர் எல்லோர் முன்னிலையிலும் அவமதிப்பதும், பரீட்சையையும் மதிப்பீட்டையும் காட்டி வாயடைப்பதும் அந்தப் பட்டியலிலேயே வரும். விடுதிக்கு வெளியேயும் பாதுகாப்பு வேண்டும். 2025 மார்ச்சில் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில், கடமை முடிந்து தங்குமிடத்துக்குத் திரும்பிய பெண் மருத்துவர் ஒருவர் கத்திமுனையில் பாலியல் வன்முறைக்கு உள்ளானதும், அதையடுத்து நாடெங்கும் மருத்துவர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். இரவில் விடுதியிலிருந்து குவாட்டர்ஸ்வரை உள்ள பாதையில் விளக்கு எரிகிறதா, அறைக் கதவின் தாழ்ப்பாள் பிடிக்கிறதா என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த அபாயம் உளநலப் பிரிவுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடவும் வேண்டாம். 2023 மே 10ஆம் திகதி அதிகாலையில் கேரளத்தின் கொட்டாரக்கரை அரச மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவரைக் குத்திக் கொன்றவர், காலில் இருந்த காயத்துக்கு மருந்து கட்டப் பொலிஸார் அழைத்துவந்தவர். அவரே பொலிஸாரை உதவிக்கு அழைத்திருந்ததால், குற்றவாளியாகக் கருதப்படவில்லை, கைவிலங்கும் இல்லை. காயத்துக்கு மருந்து கட்டும் இடத்திலிருந்த கத்தரிக்கோலே ஆயுதமானது. அதன் பிறகு கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைவிப்போருக்கு 7 ஆண்டுவரை சிறை என்று ஆக்கியது. தண்டனை வேண்டியதுதான். ஆனால் அந்த அதிகாலையில், பொலிஸ் அழைத்துவரும் ஒருவரை யார் முதலில் மதிப்பிடுவது, பொலிஸார் எங்கே நிற்பது, கருவித் தட்டு எங்கே இருப்பது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை இருந்திருந்தால் தண்டனைக்கே வேலை வந்திராது.

உங்கள் இரண்டாவது கேள்வி பொலிஸ் முறைப்பாடு பற்றியது. முறைப்பாட்டைப் பதிவுசெய்வதும் வழக்குத் தொடர்வதும் ஒன்றல்ல. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, சித்தசுவாதீனமின்மையால் தான் செய்வதன் தன்மையையோ அது தவறென்பதையோ அறிய முடியாதிருந்தவரின் செயல் குற்றமாகாது என்கிறது. உங்கள் மகளை அறைந்தவர் அப்படிப்பட்ட நிலையில் இருந்தாரா என்பதை, அவருக்குச் சிகிச்சை அளிக்கும் நிபுணரின் கருத்தைக் கேட்டு, நீதிமன்றமே தீர்மானிக்கும். விடுதியில் இருப்பதாலேயே எல்லோருக்கும் அந்தப் பாதுகாப்பு வந்துவிடாது. தானாகக் குடித்துவிட்டு வந்து அடிக்கும் உறவினருக்கு நிச்சயம் அது பொருந்தாது. அரச ஊழியர் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கத் தாக்குவது தனிக் குற்றமாகவே அந்தக் கோவையில் இருக்கிறது. (கண்ணாடி யன்னலை உடைத்தவருக்கு 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டம் பாய்வதையும், மருத்துவரின் மூக்குக்கண்ணாடி உடைந்ததற்கு "பழகிப்போகும்" என்ற ஆறுதல் கிடைப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றுகிறது.)

என் அபிப்பிராயம் இது: கடும் நோய்நிலையில் இருந்தவர் ஒருமுறை அறைந்ததற்கு வழக்கு வேண்டியதில்லை, பதிவு கட்டாயம் வேண்டும். நினைவோடு திட்டமிட்டு அடித்தவர், மிரட்டலைத் தொடர்பவர், ஆயுதம் எடுத்தவர், பாலியல் தொந்தரவு செய்தவர் எனில் முறைப்பாடு வேண்டும். அதைச் செய்யவேண்டியது வைத்தியசாலை நிருவாகமே தவிர, அதே ஊரில் குடியிருந்து பஸ்ஸில் போய்வரும் பயிலுநர் தனியாக அல்ல. பொலிஸாரிடம் நடந்ததைச் சொல்லலாம். நோயாளியின் நோய் விவரம் முழுவதையும் கொட்டவேண்டியதில்லை. உளநோயாளர் பற்றிய எங்கள் அடிப்படைச் சட்டம் 1873இல் இயற்றப்பட்டு 1956இல் திருத்தப்பட்ட கட்டளைச் சட்டம். நீதிமன்ற வழியில் நோயாளியை அனுப்புவது பற்றி அது நிறையப் பேசுகிறது. மாவட்ட வைத்தியசாலையின் விடுதியொன்றில் நள்ளிரவில் ஒரு பயிலுநர் யாரை, எதுவரை, என்ன முறையில் தடுத்துவைக்கலாம் என்பதற்கு இன்றைய நடைமுறைக்கேற்ற தெளிவு அதில் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 உளநலக் கொள்கையோடு, கொழும்புக்கு அருகே அங்கொடை மனநல வைத்தியசாலையில் குவிந்திருந்த சேவைகள் மாவட்டங்களுக்குப் பரவின. அது பெரிய நன்மை. சேவை வந்த வேகத்தில் சட்டம் வரவில்லை. அந்த இடைவெளியிலும் நிற்பவர் பயிலுநர்தான்.

தாக்கப்பட்டவருக்கு அன்றே செய்யவேண்டியவை தெளிவானவை, இருந்தும் தவறவிடப்படுபவை. அவரை உடனே கடமையிலிருந்து விடுவித்து இன்னொரு மருத்துவர் பார்க்கவேண்டும். தோல் கிழிந்ததால் ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி. கடி பட்டிருந்தாலோ ஊசி குத்தியிருந்தாலோ ஈரல் அழற்சி பி, எச்.ஐ.வி. தடுப்பு பற்றிய மதிப்பீடு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணிநேரத்துக்குள், முடிந்தளவு விரைவாகத் தொடங்கவேண்டும். கண்ணுக்குக் கீழ் அடி என்பதால் கண் மருத்துவர் ஒருமுறை பார்ப்பது நல்லது. காயத்தைச் சட்ட வைத்திய அதிகாரி பதிந்துவைப்பது பிறகு உதவும். கடமையில் காயப்பட்ட அரச ஊழியருக்கான விபத்து விடுமுறை, அரச ஊழியருக்கான விதிகளடங்கிய தாபன விதிக்கோவையில் உள்ளது. சொந்த விடுமுறையைக் கழிக்க வேண்டியதில்லை. எல்லோரையும் வட்டமாக இருத்தி, நடந்ததை அங்கேயே விவரிக்கச்சொல்லி வற்புறுத்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. உணவு, உறக்கம், நம்பிக்கையான ஒருவரின் துணை, இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒரு விசாரிப்பு ஆகியவையே போதுமானவை. உறக்கம் கெடுதல், அந்த விடுதி வாசலில் நெஞ்சு படபடத்தல், அடிக்கடி அந்தக் காட்சி மனதில் ஓடுதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அவருக்கும் சிகிச்சை வேண்டும். அந்தச் சிகிச்சையை அவரை மதிப்பிடும் மேற்பார்வையாளரே அளிக்கக் கூடாது. அதே நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பதா இல்லையா என்பதை அவரிடமே கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவும் இருக்க, பெரும்பாலான சம்பவங்கள் ஏன் எழுதப்படுவதில்லை? எழுதினால் திறமையில்லாதவர் என்று நினைப்பார்கள் என்ற அச்சம். மேற்பார்வையாளரின் கையெழுத்து இல்லாமல் பயிற்சி முடியாது என்ற நிலை. நோயாளியைக் காட்டிக்கொடுப்பதுபோன்ற குற்றவுணர்வு. எழுதியும் ஒன்றும் நடக்காது என்ற அனுபவம். கடைசிக் காரணம்தான் மற்ற மூன்றையும் வாழவைக்கிறது. சர்வதேசத் தொழில் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் தாதியர், ஊழியர் அமைப்புகளோடு சேர்ந்து 2002இலேயே சுகாதாரத் துறைப் பணியிட வன்முறைக்கான வழிகாட்டலை வெளியிட்டன. வன்முறையைத் தனிமனிதப் பிரச்சினையாகக் கருதாமல் நிறுவனத்தின் பிரச்சினையாகக் கருதி, பதிவு, ஆராய்வு, திருத்தம் என்று போகச்சொல்வது அது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருத்துவர் பலர் நாட்டைவிட்டுப் போக, எஞ்சியவர்களின் தோளில் கடமை கூடியிருக்கும் காலத்தில், ஆளில்லை என்பதை நிரூபிக்க நிருவாகத்துக்குக் கிடைக்கும் ஒரே ஆவணம் இந்தச் சம்பவப் பதிவுகளாகத்தான் இருக்கும்.

துறை மாறுவது பற்றி: அது உங்கள் மகளின் முடிவு, அடிபட்ட வாரத்தில் எடுக்கவேண்டிய முடிவும் அல்ல. உளநல மருத்துவர்கள் எங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்லி அவரை நிறுத்திவைக்க நான் முயலமாட்டேன். அந்தத் தேவை அவர் கன்னத்தில் ஏற்றவேண்டிய கடன் அல்ல. ஆனால் விலகுவதானால் அந்தத் துறை பிடிக்காமல் விலகட்டும்; இரவில் தனியாக நிறுத்தியவர்களின் குறையைத் தம் குறையாக எண்ணி விலகவேண்டாம். திரும்பிப் போக விரும்பினால், முதல் சில இரவுக் கடமைகளில் இன்னொரு மருத்துவரோடு சேர்த்துப் போடும்படி எழுத்தில் கேட்கலாம். அது நியாயமான கோரிக்கை. மறுத்தால் பயிற்சிக்குப் பொறுப்பான பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துக்கும் அவர் சார்ந்த சங்கத்துக்கும் எழுத இடமுண்டு.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. நடந்ததைச் சொந்தக்காரருக்குச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஆள் போன் எடுத்துக் கேட்டால் அவர் அந்த அறையை ஒவ்வொரு முறையும் மறுபடி வாங்குவார். கடமை நேரத்தில் அடிக்கடி அழைக்காதீர்கள். யாரோடாவது பேசவேண்டும், ஆனால் தெரிந்தவரோடு வேண்டாம் என்று அவர் நினைத்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் மருத்துவர்களுக்கும் திறந்ததுதான். சம்பவப் பதிவை இன்னும் எழுதவில்லையென்றால் இப்போதும் எழுதலாம்: நடந்த திகதி, எழுதும் திகதி இரண்டையும் தனித்தனியே குறித்து, அப்போது விடுதியில் எத்தனை பேர் கடமையில் இருந்தார்கள், யாரை அழைத்தார், எவ்வளவு நேரத்தில் வந்தார்கள் என்பதையும் சேர்த்து, நிருவாகத்திடம் கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.